மூன்று வீட்டுக்கு ஒரு நெருப்பு

எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குமாகச் சேர்த்துக் காலையில் ஒரு தீக்குச்சிதான் செலவாகும். முறை வைத்து ஒரு வீட்டில் அடுப்புப் பற்ற வைப்போம். மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் சிரட்டையில் சாம்பலைப் பரப்பி அதன்மேல் இரண்டு கங்கு வாங்கிக்கொண்டு போவோம். ஐரோப்பாவில் சண்டை தொடங்கி, தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் கடையில் அருமையாகிப் போவதற்கு முன்பிருந்தே இந்தப் பழக்கம் எங்களுக்கு உண்டு. சண்டை வந்த பிறகு ஊரார் எங்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய ஊர் அது. என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட உபாத்தியாயர். திங்கட்கிழமை விடியக் கிளம்பினால் சனிக்கிழமைதான் வருவார். நானும் எங்கள் மூன்று வயது மகளும் ஓட்டு வீட்டில் இருந்தோம். வலப்பக்கம் தெருவிலேயே ஒரே மாடி வீடு. அந்த வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவர் மனைவி இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊரில் இருந்தாள். என்னைவிட மூத்தவள் என்பதால், அந்த முஸ்லிம் வீட்டு வழக்கப்படி அவளை அக்கா முறையாக ராத்தா என்று கூப்பிடுவேன். இடப்பக்கம் வாழை பயிரிடுகிற ஒரு சைவக் குடும்பம். அந்த வீட்டு மருமகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. கண்பார்வை மங்கிய ஒரு மாமியார் உண்டு.

நெருப்பு மூன்று வீட்டுக்கும் போகும். நெல், உப்பு, புளி, கருப்பட்டி எல்லாம் போகும். ஆனால் எங்கள் இரண்டு வீட்டில் ஆக்கின சோறும் மொண்ட தண்ணீரும் மதினி வீட்டு நடையைத் தாண்டி உள்ளே போகாது. இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

சேமித்து வைக்கும் யோசனையை நான்தான் சொன்னேன். எங்கள் சபையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுக் காணிக்கையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வழக்கம். சாமிக்கு ஒரு பிடி எடுக்கிற கை நமக்கென்று இன்னொரு பிடி எடுத்தால் என்ன என்று கேட்டேன். மதினி உடனே சரியென்றாள். ராத்தா, "எங்க மாடி சும்மாதானளா கெடக்கு, அங்கன வச்சிக்கிடுவோம்" என்றாள். கொழும்பிலிருந்து சாமான் வந்த தேயிலைப் பெட்டிகள் அவளிடம் இருந்தன. மெல்லிய பலகை, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. அரிசியையும் அவலையும் அதில் கொட்டினோம். உப்புப் பானை, கருப்பட்டி வைத்த ஓலைக் கொட்டான், சுக்கு, ஓமம், மிளகு எல்லாம் சேர்ந்தன. தீப்பெட்டிகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினோம். விறகு கனம் என்பதால் கீழேயே மாடிப்படிக்கு அடியில் அடுக்கினோம். மூன்று பேரும் நின்று பார்த்து, எல்லாம் சரியாயிருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சண்டை நம்ம தெருவுக்கா வருது?" என்று கேட்டார். சண்டை வரவில்லை. ஆறு வந்தது.

அந்தக் கார்த்திகையில் மலையில் விடாமல் பெய்வதாக அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் வானம் வெளுக்கவே இல்லை. ஒருநாள் காலையில் படித்துறைக்குப் போனபோது படிகளைக் காணோம். தண்ணீர் செம்மண் நிறத்தில், ஓசையே இல்லாமல், மேல் படியை உரசிக்கொண்டு போயிற்று. இரைச்சல் இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வாய்க்கால் கரை அரிக்கிறது என்று ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். மதினியின் புருஷனும் போனார்.

அன்று நெருப்பு முறை ராத்தாவுடையது. மதியச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ கத்தினார்கள். எட்டிப் பார்த்தால் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், கோழிக்கூட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சோற்றுப் பானையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்குள் ஓடினேன். அவள் அடுப்பில் கிடந்த கங்குகளை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ புள்ளைய மேல கொண்டு போ. அவளையும் மாமியாரையும் நான் கூட்டியாரேன்."

அவளைத் தடுத்து, பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு நானே மதினி வீட்டுக்குப் போனேன். அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மதினி மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கிழவி தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சாயபு வீட்டு மாடியில ஏறித்தான் உசிரு பொழைக்கணுமாக்கும்? நான் வரலட்டி. நீ போ."

"அத்தை, கும்பிடுதேன், வாங்க அத்தை."

அந்த நேரம் பின்கட்டு மண்சுவர் ஊறிச் சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். அதன் பின்னால் வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வந்தன. கிழவி தூணை விட்டாள். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு பக்கம் இடுப்பில் பித்தளைக் குடமும் செம்பும், கையில் ஒரு மண்பானையுமாக மதினி வந்தாள்.

மாடியில் நீளமான ஓர் அறை, அதற்கு வெளியே சின்ன மொட்டை மாடி. ராத்தா எதுவும் சொல்லாமல் தன் தொழுகைப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஜன்னலோர மூலையைப் பெருக்கி அவர்களுக்கு விட்டாள். தன் பெண்களிடம், "அந்தப் பக்கம் போகப்படாது, என்னா?" என்று மட்டும் சொன்னாள். கிழவி அந்த மூலையில் தன் குடத்தை வைத்து, அதற்குக் காவல் போல உட்கார்ந்தாள்.

படிக்கட்டில் பாதிக்குமேல் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. படிக்கு அடியில் அடுக்கிய விறகு மிதந்து போவதை மேலிருந்தே பார்த்தோம். சில கட்டைகள் சுவரில் முட்டி முட்டித் திரும்பி வந்தன. எட்டிப் பிடித்தவை ஊறிக் கனத்தன.

"கங்கு அணைஞ்சாலும் தீப்பெட்டிதான் இருக்கே" என்றேன்.

ராத்தா பிஸ்கட் தகரத்தைத் திறந்தாள். ஒரு குச்சியை எடுத்து உரசினாள். மருந்து ஈர மண் மாதிரி உதிர்ந்தது. இன்னொன்று, மற்றொரு பெட்டி, அதற்கடுத்த பெட்டி. மழைக்காலத்தில் தகரம் உள்ளுக்குள்ளேயே வேர்த்திருக்கிறது. அரிசி இருந்தது, உப்பு இருந்தது. அந்த இரும்புச் சட்டியில் கிடந்த கங்கு அணைந்தால் எங்களுக்கு நெருப்பு இல்லை. ராத்தா சட்டியைச் சாம்பலால் மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். பனைமட்டையும் சிரட்டையுமாக மாடியில் கொஞ்சம் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டோம்.

குடிக்கிற தண்ணீருக்கு ராத்தா மொட்டை மாடியில், அறைக் கூரைத் தண்ணீர் கொட்டுகிற தூம்புக்குக் கீழே அண்டாவை வைத்தாள். மழைத் தண்ணீர் பளிங்காக விழுந்தது. கிழவி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பித்தளைக் குடத்தில் சேலைக் கிழிசலைக் கட்டி, ஜன்னல் வழியாக வெள்ளத்தில் இறக்கச் சொன்னாள்.

"வேண்டாம் அத்தை. ஊர் அழுக்கெல்லாம் அதுலதான் வருது" என்றேன்.

"தாமிரபரணியில என்னட்டி அழுக்கு?"

"ஒங்க குடத்தையே தூம்புக்குக் கீழே வச்சுக்கிடுங்க. யாரும் தொடலியே."

"அவங்க வீட்டுக் கூரையில விழுந்து வார தண்ணிதான?"

வயிறு ஊதிய ஓர் ஆடு அப்போதுதான் ஜன்னலுக்கு அருகே மிதந்து போயிற்று. கிழவிக்குக் கண் தெரியவில்லை. மதினி பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கினாள். மண் தெளியட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து, மாமியாருக்கு அவலை நனைத்துக் கொடுத்துவிட்டு, தானும் தாகத்துக்கு ஒரு செம்பு குடித்தாள். நான் எழுந்துபோய் அந்தச் செம்பைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று தோன்றும். தட்டிவிட்டிருந்தால் அவள் மாமியார் முன்னால் என்ன ஆகியிருப்பாள் என்றும் தோன்றும்.

மறுநாள் விடிந்ததும் மதினிக்கு வயிற்றைப் புரட்டியது. முதலில் வாந்தி, பிறகு போக்கும் சேர்ந்துகொண்டது. வெயில் ஏறுகிற நேரம் என்று சொல்ல வெயில் இல்லை. பிள்ளைகள் பசியென்று கேட்கிற நேரத்துக்குள் அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. கண் இரண்டும் உள்ளே போயின. விரல் நுனி துவைத்துப் பிழிந்த துணிபோலச் சுருங்கியது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ள அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள்.

எனக்கு அது என்னவென்று தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவில் வந்த வாந்திபேதி அது. எந்தெந்த வீட்டில் வந்ததோ அந்த வீட்டுக்கெல்லாம் என் அம்மா உப்புப் போட்ட கஞ்சித்தெளிவைக் கொண்டுபோவாள். பிழைத்தவர்கள் அதைக் குடித்தவர்கள்தான் என்று சொல்லுவாள். பிள்ளைகளை அறையின் அந்தக் கோடிக்கு அனுப்பினேன். என் மகள், "அம்மா, நீ வா" என்று அழுதாள். வெளியே ஓட வழி இருந்திருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனோ என்னவோ. வழி இல்லை.

"கஞ்சி வைக்கணும் ராத்தா. மழைத் தண்ணியிலதான் வைக்கணும்."

கிழவி தலையை நிமிர்த்தினாள். "யாரு வைக்கப் போறது?"

"நான் வைக்குதேன் அத்தை."

"வேண்டாம். எங்க வீட்டுப் பிள்ளைக்கு நான் வைப்பேன். எங்க பானையில வைப்பேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். இரும்புச் சட்டிக்கு மூன்று பக்கமும் கல் வைத்து ராத்தா அடுப்பாக்கியிருந்தாள். கிழவி தன் மண்பானையில் வெள்ளத் தண்ணீரையே ஊற்றி, அரிசியைப் போட்டுத் தூக்கினாள். கல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் கை நீட்டுவதற்குள் பானை கல்லின் விளிம்பில் பட்டு உடைந்தது. தண்ணீர் முழுவதும் சட்டிக்குள் போயிற்று.

நெருப்பு சீறிய அந்தச் சத்தமும் எழுந்த ஆவியும் அறை முழுவதும் நிறைந்தன.

ராத்தாதான் முதலில் அசைந்தாள். சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, கரிகளைத் தரையில் பரப்பிக் குனிந்து பார்த்தாள். எல்லாம் கறுப்பு. விரலாலேயே புரட்டினாள். சட்டியின் ஓரத்தில் சாம்பல் கட்டிக்கு அடியில் இருந்த ஒரு கரியில், ஒரு பக்கம் மட்டும் மிளகளவு சிவப்பு இருந்தது.

"தலவாணியக் கிழி" என்றாள்.

நான் கிழித்தேன். உள்ளே காய்ந்த இலவம்பஞ்சு. அதை அந்தக் கரியின்மேல் பொதிந்து ஊதினாள். புகைந்தது, நின்றது. மறுபடி ஊதினாள். கன்னமெல்லாம் சாம்பல் ஒட்டி, கண்ணில் நீர் வழிந்தது. பஞ்சு ஒருமுறை குப்பென்று பிடித்தது. போட விறகு? நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பாமலே, "தேயிலப் பெட்டி" என்றாள்.

அரிசியைத் தரையில் பாயில் கொட்டிவிட்டு, உலக்கையால் பெட்டியை அடித்து உடைத்தேன். நாங்கள் பிடிபிடியாகச் சேர்த்தது எல்லாம் பாயில் கிடந்தது. பலகைச் சிம்பு படபடவென்று எரிந்தது. மாடியில் மறுபடியும் நெருப்பு இருந்தது.

இப்போது பானை ராத்தாவுடையது மட்டும்தான். அதில் மழைத் தண்ணீரை ஊற்றி அரிசியைப் போட்டேன். அது கொதிக்கும்வரை கிழவி உடைந்த ஓட்டுச்சில்லுகளைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கஞ்சித்தெளிவை வடித்து உப்புப் போட்டு ஆற்றி, மதினியின் சொந்தப் பித்தளைச் செம்பில் ஊற்றிக்கொண்டு நான் அந்த மூலைக்குப் போனபோது அவள் எழுந்து குறுக்கே நின்றாள். அவள் தலை என் தோளுக்குக்கூட வராது. ஆனாலும் என்னால் அவளைத் தள்ள முடியவில்லை.

ராத்தா அடுப்பண்டை இருந்தபடியே கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"ஆச்சி, புள்ளை போயிட்டாள்னா ஒங்க மவன்கிட்ட என்ன சொல்லுவிய?"

தரையில் கிடந்த மதினி எங்கள் பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தண்ணி என்றுதான் கேட்டிருப்பாள். கிழவிக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் மதினியின் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டி விடுகிற ஓசை கேட்டிருக்கும். எனக்குக் கேட்டது.

கிழவி தன் பாயை எடுத்துச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நான் இங்கன உக்காருதேன். எனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றாள்.

நான் மதினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வாய் உடனே திரும்பி வந்தது. என் சேலையெல்லாம் நனைந்தது. "பைய ஊத்துளா, பைய. ஒரு வாய் நிக்கட்டும்" என்றாள் ராத்தா. அவள் சாம்பலைச் சுடவைத்துத் துணியில் முடிந்து மதினியின் கால்களில் ஒற்றிக்கொண்டிருந்தாள். கஞ்சி, பிறகு கொதித்து ஆறிய ஓமத்தண்ணீர், மறுபடி கஞ்சி. எத்தனை முறை என்று தெரியாது. எனக்குத் தெரிந்த ஜெபத்தை நான் சொன்னேன். நேரம் வந்தபோது ராத்தா தொழுதாள். கிழவி சுவரைப் பார்த்தபடியே தன் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை மதினியின் கை என் கையில் குளிர்ந்துபோய்க் கிடந்தது. நாடியைத் தேடினேன், அகப்படவில்லை. ராத்தாவைக் கூப்பிட வாயெடுத்தேன். கிழவி திரும்பாமலே, "என்னட்டி, இருக்காளா?" என்று கேட்டாள். "இருக்கா அத்தை" என்றேன். அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

மாலை மங்குகிற நேரத்தில் வாந்தி நின்றது. கொடுத்த கஞ்சி உள்ளே தங்கியது. கை கொஞ்சம் சூடு கண்டது. தேயிலைப் பெட்டிகளில் கடைசிப் பெட்டியின் பலகை அடுப்பில் எரிந்துகொண்டிருந்தபோது மதினி கண்ணைத் திறந்து, "மதினி, ஒரு துண்டு கருப்பட்டி இருக்கா?" என்று கேட்டாள். ராத்தா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்து, அப்படியே அழுதாள்.

அடுத்த நாள் மழை விட்டது. தண்ணீர் படிப்படியாக இறங்கியது. வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் மதினியின் புருஷன் தெருவுக்குள் வந்தார். தன் வீட்டைப் பார்த்தார். பின்பாதி இல்லை. அவர் அலறிய அலறலில் என் மகள் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் கதவு மறைவுக்குப் போய்விட்டாள். நான் மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டேன்.

அவர் மேலே வந்து மனைவி கிடந்த கிடையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தார். பிறகு பாயில் குவிந்து கிடந்த அரிசியையும் அடுப்பையும் அதன்மேல் இருந்த பானையையும் பார்த்தார். அது யாருடைய பானை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"என்னம்மா கொடுத்திய?" என்று தாயாரிடம் கேட்டார்.

மதினி கண்ணை மூடிக்கொண்டாள்.

கிழவி சொன்னாள்: "நான்தாம்லே கஞ்சி வச்சிக் குடுத்தேன். நம்ம பானையிலதான். அது பொறவு ஒடஞ்சிட்டு. அந்தா பாரு, ஓடு கெடக்கு."

எனக்குக் கோபம் பொங்கியது. என் சேலையில் இன்னும் நாற்றம் போகவில்லை. ராத்தாவின் விரல்கள் கொப்பளித்திருந்தன. பதில் சொல்லத் திரும்பினேன். கதவு மறைவிலிருந்து ராத்தா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "எடம் கொடுத்தியளே, அது போதும்" என்று சொல்லிவிட்டு, மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மதினி தேறி எழுந்து நடமாடப் பல வாரங்கள் ஆயின. என் வீட்டுக்காரர் பாலம் கடந்து வர வழி கிடைத்ததும் வந்தார். எங்கள் ஓட்டு வீடு நின்றிருந்தது. உள்ளே இடுப்பளவு சேறு. ஊரில் அந்த நோய் சில வீடுகளைத் தொட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு தாயும் பிள்ளையும் போனார்கள். அவர்களுக்கு யாரும் கஞ்சி கொண்டுபோகவில்லை. எங்களுக்குத் தெரிந்ததே பிறகுதான்.

ராத்தாவும் நானும் அந்தக் கிழவியைப் பற்றி வெகுநாள் பேசினோம். தன் கௌரவத்துக்காகச் சொன்னாள் என்று நான் சாதித்தேன். "இருக்கட்டுமே. அந்தப் புள்ளைக்கு அந்த வீட்டுல நாளைக்குச் சோறு வேண்டாமா?" என்று ராத்தா கேட்டாள். அவள் அதில் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

தை பிறந்து, படித்துறையில் படிகள் மறுபடியும் தெரிந்த பிறகு ஒருநாள் மதினி துவைக்க வந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. துணியை அலசிக்கொண்டே அவளாகவே பேசினாள்.

"எனக்கு நெனவு இருந்துச்சு மதினி. எல்லாம் கேட்டுது."

"ஒங்க அத்தை சொன்னதுமா?"

"அதுவும்தான்." துணியைப் பிழிந்தாள். "வீட்டுக்குப் போனதும் அத்தை ஒருத்தரையும் கிட்ட விடல. அவுகளே எனக்கு ஒவ்வொரு நாளும் கஞ்சி வச்சாவ. மழைத் தண்ணி கெடைக்காதே, என்ன செய்யன்னு ஆத்துத் தண்ணியக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி வடிகட்டி வச்சாவ. உப்பு எவ்வளவு போட்டாவன்னு எங்கிட்ட கேட்டாவ. யாரு போட்டாவன்னு கேக்கல."

அவள் துணிகளை அடுக்கிக் கூடையில் வைத்தாள். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கூடையைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினோம். தெரு முனை வரைக்கும் அப்படியே வந்தோம். மாமியாரின் குரல் கேட்கிற தூரம் வந்ததும் அவள் கூடையை முழுதாகத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "வரட்டுமா மதினி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.